கலைச்செல்வனின் அடுத்த மேட்ச்

உத்திரமேரூரில் ஆல்பர்ட்டும் அவன் மனைவி ஷாரோனும் வாடகைக்குப் பார்த்த மூன்றாவது வீடு அது.

முதல் இரண்டு வீடுகளிலும் பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஷாரோன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றதும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். அப்புறம் சொந்த ஊர் எது என்றார்கள். சொன்னதும், ஊர்ப் பக்கமா காலனிப் பக்கமா என்றார்கள். ஆல்பர்ட் உள்ளதைச் சொன்னான். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது வீடு ஏரிக்கரையை ஒட்டிய தெருவின் கோடியில் இருந்தது. அதற்கப்புறம் கழனிதான். வீட்டுக்காரர் தாண்டவராயன் அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பின்கட்டில் ஓர் ஓட்டு அறையில் தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, முன்பகுதி முழுவதையும் வாடகைக்கு விட்டுவந்தார். அவர் ஊரைக் கேட்கவில்லை. ஷாரோனின் கழுத்துச் சிலுவையில் அவர் கண் நிற்கக்கூட இல்லை. ஆல்பர்ட்டை மட்டும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"தம்பிக்கு இன்னா வேல?"

"ஒரகடத்துல கம்பெனில இருந்தேங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சி. வேற தேடிக்கினு கீறேன்."

"அப்ப பகல்ல வூட்லதான் இருப்ப."

"இப்போதிக்கி அப்டித்தான்."

"கம்ப்யூட்டர்ல கேம் ஆடுவியா?"

ஆல்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாரோன்தான் முந்திக்கொண்டு, "அத்த ஒண்டிதான் ஆடுவாரு" என்றாள்.

பெரியவரின் முகம் தெளிந்தது. வேறு எதுவும் கேட்காமல் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

கூடத்தை ஒட்டிய சின்ன அறையைத் திறந்து காட்டும்போதுதான் அவர் குரல் இறங்கியது. "இது என் புள்ள ரூமு. கலைச்செல்வன். இப்ப இல்ல. சாமானத்த அப்டியே உட்டு வெச்சிக்கீறேன்." கதவு திறந்ததும் ஒரு வாடை வந்தது. டெட்டால், டால்கம் பவுடர், அவற்றுக்குக் கீழே நாள்பட்ட ஈரமெத்தை. ஷாரோன் மூக்கைச் சுருக்கினாள். அவளுக்குப் பழக்கமான வாடைதான். ஆனால் அது வார்டில் இருக்க வேண்டியது, வீட்டில் அல்ல.

அறையில் ஓர் இரும்புக் கட்டில், மெத்தை, தலையணை. மேசை நாற்காலி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரின் திரையை உத்தரத்திலிருந்து இரும்புச் சட்டம் போட்டு, கட்டிலுக்கு நேர் மேலே, கீழ்நோக்கிச் சாய்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மல்லாந்து படுத்தால்தான் தெரியும். கட்டிலின் வலப்பக்கம் ஒரு பலகை, அதன்மேல் மவுஸ். அவ்வளவுதான்.

"அதுல கீறத ஒண்டி அழிச்சிடாத தம்பி," என்றார் பெரியவர். "ஆடு. எவ்ளோ நேரம் வோணா ஆடு."

ஆல்பர்ட் ஆடியதெல்லாம் ஒரே விளையாட்டுதான். கால்பந்து அணியை நிர்வகிக்கும் விளையாட்டு. அதில் பந்தை நீங்கள் உதைக்க மாட்டீர்கள். நீங்கள் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை அனுப்புவது, இன்று யார் களத்தில் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று தீர்மானித்துவிட்டு, 'கன்டினியூ' என்ற பொத்தானை அமுக்கினால் விளையாட்டுக்குள் நாள் நகரும். ஒரு வருடம் நகர்ந்தால் ஒரு சீசன். அதைச் சேமித்து வைத்து வருடக் கணக்கில் ஆடலாம். முடிவு என்று ஒன்று கிடையாது.

ஆனால் ஆல்பர்ட்டால் முடிந்ததில்லை. ஹாஸ்டலில் இருந்தபோதிலிருந்து ஆடுகிறான். மூன்றாவது சீசனைத் தாண்டியதில்லை. ஜெயிக்க ஆரம்பித்ததும் சலிப்பு வந்துவிடும். அழித்துவிட்டுப் புதிதாக இன்னொரு அணியை எடுப்பான். அதுவும் அப்படியே. பதினைந்து சீசன், இருபது சீசன் என்று ஆடுகிறவர்கள் இன்டர்நெட்டில் எழுதுவதைப் படித்து ஏங்குவான். சின்ன அணியாக எடு, சொந்த ஊர்ப் பையன்களை மட்டும் வளர்த்து ஆடு, அவசரப்படாதே என்பார்கள். எல்லாம் செய்து பார்த்தான். மனம் ஒட்டவில்லை. "நீங்க எத்ததான் கடைசி வரைக்கும் செஞ்சிக்கீறீங்க?" என்று ஷாரோன் ஒருமுறை கேட்டாள். விளையாட்டை மட்டும் அவள் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அதனால்தான் அந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் போட்டபோது அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது.

அதே விளையாட்டு. சேமித்து வைத்த ஆட்டம் ஒன்றே ஒன்று. மேனேஜர் பெயர் கலைச்செல்வன். அணியின் பெயர் உத்திரமேரூர் ஏரிக்கரை. விளையாட்டுக்குள் வருடம் 2063.

நாற்பது சீசனுக்குமேல் ஒருவன் ஒரே அணியோடு உட்கார்ந்திருக்கிறான். கடைசி டிவிஷனில், பெயர் தெரியாத பையன்களோடு தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறான். வெளியிலிருந்து ஓர் ஆளைக்கூட வாங்கவில்லை. முதல் சீசனில் கோல் காத்த வேதகிரி, ஓய்வு பெற்று அதே அணிக்குக் கோச்சாகி, அவன் மகன் அகாடமியில் வளர்ந்து ஆடி முடித்து, இப்போது பேரன் சடையப்பன் கேப்டனாக நின்றான். பழைய ஆட்டக்காரர்களின் மகன்களைக் கம்ப்யூட்டரே உருவாக்கித் தரும். மற்றவர்கள் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். இவனோ ஒவ்வொருவனையும் வைத்துக் குடும்பம் நடத்தியிருந்தான். கோப்பைக்காக ஆடியவன் போலத் தெரியவில்லை. யார் வீட்டுப் பையன் எப்படி வளர்கிறான் என்று பார்ப்பதற்காகவே விடிந்து எழுந்தவன் போலத் தெரிந்தது.

முதல் நாள் ஆல்பர்ட் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கழுத்தை ஒடித்து அண்ணாந்து ஆடினான். மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் படுத்துவிட்டான்.

தலையணையில் ஏற்கெனவே ஒரு தலைக்கு அளவாகப் பள்ளம் இருந்தது. அவன் தலை அதில் சரியாகப் பொருந்தியது.

ஷாரோன் காலையில் டியூட்டிக்குப் போனால் மாலைதான் வருவாள். வீடு அமைதியாக இருக்கும். கழனிப் பக்கமிருந்து மோட்டார் ஓடும் சத்தம், பின்கட்டில் பெரியவர் பாத்திரம் விளக்கும் சத்தம், எப்போதாவது கரண்ட் போனால் பேட்டரிப் பெட்டி 'பீப் பீப்' என்று அடித்துக்கொள்வது. உச்சி வெயிலில் அந்த அறை மட்டும் குளிர்ந்து கிடக்கும்.

ஒருநாள் ஆல்பர்ட் கேப்டன் சடையப்பனை அணியிலிருந்து விடுவித்தான். வயது முப்பத்தாறு, ஓட முடியவில்லை, சம்பளம் வீண். எந்த மேனேஜரும் செய்கிற காரியம்.

மறுநாள் திறந்தால் சடையப்பன் அணியில் இருந்தான். சேவ் பண்ண மறந்திருப்போம் என்று நினைத்தான். அப்புறம்தான் தேதியைப் பார்த்தான். அவன் விட்ட இடத்திலிருந்து நான்கு மேட்ச் தாண்டியிருந்தது. நான்கிலும் சடையப்பன் ஆடியிருந்தான். மூன்றில் வெற்றி.

பின்கட்டுக்குப் போய், "நீங்க கம்ப்யூட்டர் போட்டீங்களா ஐயா?" என்று கேட்டான்.

பெரியவர் சாம்பல் கையோடு நிமிர்ந்தார். "எனக்கு இங்கிலீசுல ஒரு எழுத்து வராது தம்பி. அத்தத் தொட்டதே கெடையாது." பிறகு, அவன் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். "ஜெயிச்சிதா?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆவல் ஆல்பர்ட்டுக்கு அப்போது விளங்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு மதியம். அணியில் கோல் போட ஆளில்லை. பிரேசில்காரன் ஒருவன் மலிவாகக் கிடைத்தான். ஆல்பர்ட் பேரம் பேசி முடித்து, கையெழுத்துப் பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனான். அது போகவில்லை.

கை அசைந்தது. அம்புக்குறி அசையவில்லை.

பிறகு அது தானாக, மெதுவாக, திரையின் மறுமூலைக்கு நகர்ந்தது. 'ரத்து' என்ற இடத்தில் நின்றது.

வாடை கனத்தது. தலையணையில், அவன் வலது காதுக்குப் பக்கத்தில், யாரோ வறண்ட நாக்கால் உதட்டை நனைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வெளியாளு வோணாம்."

ஆல்பர்ட் எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஏரிக்கரையில், நல்ல வெயிலில், வேலிகாத்தான் புதர் ஓரமாக நின்று வீட்டுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை, "இன்னாண்ணா, பாம்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான்.

பயந்தவன் அன்றைக்கே ஷாரோனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் முழுக்க அந்த அறைப் பக்கம் போகவும் இல்லை. அதற்கும் மறுநாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். பிறகு போய்ப் படுத்தான்.

ஏன் போனான் என்று கேட்டால், வெட்கமான பதில்தான். அவன் அந்த அணியோடு ஐந்தாவது சீசனுக்குள் நுழைந்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகச் சலிக்கவில்லை.

அதற்கப்புறம் இருவரும் சேர்ந்து ஆடினார்கள் என்றே சொல்ல வேண்டும். யாரை இறக்குவது என்று ஆல்பர்ட் தயங்கும்போது அம்புக்குறி ஒரு பெயர்மேல் போய் நிற்கும். சில சமயம் பேச்சும் வரும். ஒன்றிரண்டு சொல்தான். "அவன் இன்னிக்கி வோணாம்." "சின்னவனுக்கு ஒரு சான்ஸ் குடு." ஜெயித்தால் பெருமூச்சு கேட்கும். தோற்றால் அறை இன்னும் குளிரும். காஞ்சிபுரத்தில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள். அவன் போனை எடுக்கவில்லை. லீகில் கடைசி வாரம்.

மாலையில் ஷாரோன் வரும்போது சோறு வடிக்காமல் கிடக்கும். அவள் முதலில் கத்தினாள். பிறகு பேசாமலே இருந்தாள். பேசாமல் இருந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. ஒரு சாயங்காலம் தூறலில் அவளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனான். பல நாளைக்குப் பிறகு அவனாக வந்ததில் ஷாரோனுக்குச் சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒரு செருப்பு எங்க?"

ஆல்பர்ட் குனிந்து பார்த்தான். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பாதத்தில் பாட்டில் துண்டு ஒன்று ஏறியிருந்தது. வந்த வழியெல்லாம் ரத்தம், மழைத்தண்ணீரில் இளகி, ஒற்றைக் காலின் அச்சாக நீண்டு கிடந்தது.

"வலிக்கல?"

"இல்லியே."

ஷாரோன் உடனே ஆட்டோ பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டு, அவனைக் குப்புறப் படுக்க வைத்து, பேனாவின் நுனியால் உள்ளங்கால், குதிகால், கெண்டைக்கால் என்று கீறிக்கொண்டே வந்தாள். "தெரியுதா? இங்க? இங்க?" முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. சட்டையைத் தூக்கினாள்.

அவள் கை நின்றுவிட்டது.

"இன்னா?" என்றான்.

அவள் இன்னும் குனிந்து பார்த்தாள்.

"ஷாரோன், இன்னா கீது முதுகுல?"

"புண்ணு." அவள் குரல் வார்டில் பேசும் குரலாக மாறியிருந்தது. "படுக்கப்புண்ணு. இடுப்புக்குக் கீழ, எலும்பு தெரியற அளவுக்கு. இது வருசக் கணக்குல படுத்தே கெடக்கறவங்களுக்கு வர்றது. நடமாடற மனுசனுக்கு வராது. நேத்து நீங்க குளிக்கும்போது முதுகு தேச்சி உட்டேன். நேத்து இது இல்ல."

அப்போதுதான் அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

சொல்லி முடித்ததும் அவள் நேராகப் பின்கட்டுக்குப் போனாள். பெரியவர் கதவைத் திறந்தபோது அவள் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவாசி ரோட்டில் பைக்கோடு விழுந்தபோது கலைச்செல்வனுக்கு இருபத்திரண்டு வயது. கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. வலது மணிக்கட்டில் கொஞ்சம் அசைவும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிச்சம்.

"மொத ரெண்டு வருசம் தெனமும் ஒண்ணுதான் கேப்பான்மா. இன்னாத்தயாவது குடுத்து என்னிய சாவடிச்சிடு நைனாம்பான். சோறு ஊட்டினா துப்புவான். அப்பத்தான் அவங்கூடப் படிச்ச பையன் ஒருத்தன் வந்து இத்தப் போட்டுக் குடுத்தான். அன்னியிலேந்து அவன் சாவு கேக்கல. ஒரு நாளு கூட கேக்கல. காலைல கண்ண முழிச்சதும், இன்னிக்கி மேட்ச் கீது நைனா, சீக்கிரம் தொடச்சி உடு, அப்டீம்பான்." அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "பதினோரு வருசம் அத்த வெச்சித்தான் உசுரோட கெடந்தான். போனப்புறம் அந்த ரூமுல முனகலு. பகல்லியே கேக்கும். அடுத்த மேட்ச், அடுத்த மேட்ச்னு. பெத்தவன் எப்டிமா கேட்டுக்கினு இருப்பேன்? முன்ன ஒரு வாத்தியார் தம்பி குடியிருந்தாரு. அவரு ஆடினாரு. சத்தம் நின்னுபோச்சி."

"அவருக்கு கால் நல்லா இருந்துதா, போவும்போது?"

பெரியவர் தரையைப் பார்த்தார். "தடி ஊனிக்கினு போனாரு."

மறுநாள் ஷாரோன் அவனைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போய் எல்லாப் பரிசோதனையும் எடுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஆல்பர்ட்டால் ஆட்டோவிலிருந்து இறங்க முடியவில்லை.

வாசலில் நின்ற பெரியவர்தான் ஒரு வழி சொன்னார். ஒரு கோப்பை மட்டும் கலைச்செல்வன் ஜெயிக்கவே இல்லை. ஆசியாவிலேயே பெரிய கோப்பை. அதை ஒரு தபா தூக்கிட்டா போதும் நைனா என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

ஆல்பர்ட் ஷாரோனைப் பார்த்தான். அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டம்தான் அணிக்கு அடுத்ததாக இருந்தது.

"ஒரே மேட்ச்," என்றாள் அவள். "நான் பக்கத்துலியே இருப்பேன். முடிஞ்சதும் தூக்கிக்கினு போய்டுவேன்."

அன்று பிற்பகல் வானம் இருண்டு வந்து, சாயங்காலத்துக்கு முன்பே விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஷாரோன் அவனைக் கட்டிலில் கிடத்தினாள். காலடியில் உட்கார்ந்து, அவன் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. பெரியவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. திரையில் சின்னச் சின்ன உருவங்கள் ஓடின. முதல் கோலை எதிரணி போட்டது. வாடை வந்தது. ஷாரோனும் முகர்ந்தாள், அவள் ஜெபம் சற்று உரக்க வந்தது. அம்புக்குறி அலைந்து, பெஞ்சில் இருந்த பதினேழு வயதுப் பையனின் பெயர்மேல் நின்றது. ஆல்பர்ட் அவனை இறக்கினான். பையன் சமன் செய்தான். கூடுதல் நேரத்தில், கடைசி மூச்சில், கார்னரிலிருந்து வந்த பந்தைக் கிழட்டுக் கேப்டன் சடையப்பன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான்.

ஜெயித்துவிட்டார்கள்.

வாசலில் பெரியவர் விம்மினார். அறையில் நீண்ட ஒரு பெருமூச்சு. பிறகு வாடை போய்விட்டது. சுத்தமாக. மழையின் மண்வாசனை மட்டும் ஜன்னல் வழியாக வந்தது.

"தெரியுதா?" என்று ஷாரோன் உள்ளங்காலைக் கீறினாள்.

"தெரியுது," என்றான். "ஷாரோன், தெரியுது!" இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

கிளிக்.

சிரிப்பு நின்றது.

திரையில் நாள் நகர்ந்திருந்தது.

கிளிக்.

"உடுங்க, போதும்," என்றாள் ஷாரோன்.

"நான் அமுக்கல."

அவள் பார்த்தாள். அவன் வலக்கை பலகைமேல் கிடந்தது. கை முழுக்க மரக்கட்டை மாதிரி கிடக்க, ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து எழுந்து இறங்கியது.

கிளிக். கிளிக். கிளிக்.

கோப்பை பெற்ற செய்தி நகர்ந்து போயிற்று. விடுமுறை போயிற்று. சடையப்பன் ஓய்வு பெற்றான். அகாடமியிலிருந்து புதுப் பையன்கள் வந்து வரிசையாக நின்றார்கள். புது சீசனின் அட்டவணை விரிந்தது.

ஆல்பர்ட்டின் வாய் திறந்தது. வந்த குரல் அவனுடையது இல்லை.

"அடுத்த மேட்ச் எப்ப?"

ஷாரோன் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். பேட்டரிப் பெட்டி 'பீப் பீப்' என்று கத்தியது. அதன் ஒயரையும் பிடுங்கி எறிந்தாள்.

திரை அணையவில்லை.

கிளிக்.

"எழுந்திரு ஆல்பர்ட்!" அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவன் எழவில்லை. கழுத்துக்குக் கீழே அவனிடம் எதுவுமே இல்லை. கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சின. அவள் கட்டிலின் பின்னால் போய், நினைவிழந்த நோயாளிகளைத் தூக்குவதுபோல் அவன் அக்குளுக்குள் இரு கைகளையும் கோத்து இழுத்தாள். அவன் எடை இரண்டு ஆள் எடையாக இருந்தது. யாரோ அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பதுபோல் மெத்தை கூடவே இழுபட்டது. அவள் விடவில்லை. கூடத்தில் இழுத்தாள். வாசற்படியில் இழுத்தாள். முற்றத்துச் சேற்றில், கொட்டும் மழையில், அவனோடு சேர்ந்து விழுந்தாள்.

சேற்றின் குளிர்ச்சி அவன் குதிகாலில் ஏறியது. பிறகு கெண்டைக்காலில். ஆல்பர்ட் வீறிட்டான். பாட்டில் குத்திய இடம் அப்போதுதான் வலிக்கத் தொடங்கியிருந்தது.

பெரியவர் மழையில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "இன்னும் ஒரு சீசன் ஒண்டி, தம்பி. ஒண்ணே ஒண்ணு..."

ஷாரோன் எழுந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. "உங்க புள்ளைக்கி அடுத்தவங்க புள்ளதான் கெடச்சிதா? நீங்க போய்க் குந்துங்களேன். பெத்தவர் தான?"

பெரியவரின் கூப்பிய கை மெல்ல இறங்கியது. உடுத்திய துணியோடு அவர்கள் அந்த வீட்டைவிட்டுப் போனார்கள்.

ஓரிக்கையில் ஷாரோனின் சிநேகிதி செவ்வந்தி தன் வீட்டு மாடியைக் கொடுத்தாள். புண் ஒரே வாரத்தில் தழும்புகூட இல்லாமல் ஆறியது. ஆல்பர்ட் நடந்தான், பிறகு ஓடினான். ராஜகுளம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. நாளெல்லாம் நிற்கிற வேலை. சாயங்காலம் கால் கடுக்கும். கடுப்பதை ஷாரோனிடம் சந்தோஷமாகச் சொல்வான்.

கேஸ் சிலிண்டரும் பீரோவும் மற்ற சாமான்களும் அங்கேயே தங்கிவிட்டன. ஷாரோன் அவை வேண்டாம் என்றாள். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளிடம் சொல்லாமல், சின்ன யானை என்கிற மினி லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆல்பர்ட் போனான். நல்ல வெயில். பயப்பட ஒன்றுமில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டான்.

பின்கட்டு பூட்டியிருந்தது. கூப்பிட்டான், பதில் இல்லை. முன்வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. வண்டிக்காரரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, சுவரோரமாக நடந்து அந்த அறையின் ஜன்னலண்டை போனான்.

கட்டிலின்மேல் வெளுத்த போர்வை மடிப்பு கலையாமல் விரித்திருந்தது. யாரும் இல்லை. கட்டிலை ஒட்டி ஒரு முக்காலி போட்டுத் தாண்டவராயன் உட்கார்ந்திருந்தார். மடியில் ரசம் பிசைந்த சோற்றுத் தட்டு. இடது கையில், தீயைத் தொடுகிறவர்போலப் பயந்து பயந்து, மவுஸைப் பிடித்திருந்தார். மேலே திரை எரிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் இவ்வளவு நிம்மதியை ஆல்பர்ட் பார்த்ததே இல்லை.

அவர் கழுத்தை வளைத்து, திரையில் தனக்குப் படிக்கத் தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கட்டிலின் பக்கம் திரும்பி, அன்றாடம் கேட்கிறவர்போல, மெதுவாகக் கேட்டார்.

"யார எறக்கறது, கண்ணு?"

மடிப்பு கலையாத அந்தப் போர்வையின் மேலிருந்து, வாலிபக் குரல் ஒன்று தெளிவாகப் பதில் சொன்னது.

"சின்னவன எறக்கு நைனா. ஓடற வயசு. நல்லா ஓடட்டும்."